மெர்க்கல் செல் புற்றுநோய்: அப்பாவுக்குத் தனித் தட்டு வேண்டாம்

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. திருச்சியில் இருக்கிறோம். 9 வருடங்களுக்கு முன் கிட்னி மாற்று ஆபரேஷன் நடந்தது. சித்திதான் கிட்னி கொடுத்தார். டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரெட்னிசோலோன் மூன்றும் தொடர்கின்றன. 2 மாதத்துக்கு முன் இடது கன்னத்தில் பரு மாதிரி சிவப்பாக ஒன்று வந்தது. வலியே இல்லை. மளமளவென்று சுண்டைக்காய் அளவுக்கு வளர்ந்ததும், பக்கத்து டாக்டர் கொழுப்புக்கட்டி என்று எடுத்துவிட்டார். பயாப்சியில் ‘மெர்க்கல் செல் கார்சினோமா, 1.4 செ.மீ., சி.கே.20 பாசிட்டிவ், டி.டி.எஃப்.1 நெகட்டிவ், அடி விளிம்பில் நோய் உள்ளது’ என்று வந்திருக்கிறது. நெட்டில் தேடினால் வைரஸால் வரும் புற்றுநோய் என்று போட்டிருக்கிறது. அன்றிலிருந்து அண்ணி குழந்தையை அப்பாவிடம் விடுவதில்லை. தட்டு, டம்ளர், தலையணை எல்லாம் தனி. தன் கிட்னியால்தான் வந்ததோ என்று சித்தி அழுகிறார். இது ஒட்டுமா? வைரஸ் டெஸ்ட் எடுக்க வேண்டுமா? கிட்னி மாத்திரையை நிறுத்தினால் அடங்குமா? அடுத்து என்ன செய்வது? அப்பாவிடம் இன்னும் விஷயத்தைச் சொல்லவில்லை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் தட்டு. இன்று ராத்திரியே அப்பாவின் தட்டை மற்றத் தட்டுகளோடு சேர்த்துக் கழுவுங்கள். குழந்தையை அவர் மடியில் உட்கார வையுங்கள். இந்தப் புற்றுநோய் ஒட்டாது. நம்பிக்கைக்காகச் சொல்லும் வார்த்தை இல்லை இது. அண்ணி படித்தவராக இருந்தால் காரணத்தையும் கேட்பார், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

நெட்டில் நீங்கள் படித்த வைரஸின் பெயர் மெர்க்கல் செல் பாலியோமா வைரஸ். பாலியோமா என்றதும் போலியோ என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. அதற்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. இந்த வைரஸ் உலகம் முழுக்க மனிதத் தோலில் குடியிருப்பது. ரத்தத்தில் இதற்கான எதிர்ப்புப் பொருளைத் தேடிப் பார்த்தால், பெரியவர்களில் 100 பேருக்கு 60 முதல் 80 பேரிடம் இருக்கும். பெரும்பாலும் சின்ன வயதிலேயே வந்து சேர்கிறது. வந்தபோது காய்ச்சலோ தடிப்போ எதுவும் தெரிவதில்லை. நோயே இல்லாதவர்களின் நெற்றியில் பஞ்சைத் தேய்த்து எடுத்துச் சோதித்தாலும் கணிசமானவர்களிடம் அகப்படுகிறது. அண்ணியிடமும் இருக்கலாம், உங்களிடமும் இருக்கலாம், இதை எழுதுகிற கையிலும் இருக்கலாம். குழந்தைக்கு வருவதாக இருந்தால் அதை முத்தமிடும் யாரிடமிருந்தும் வரும். வந்தாலும் ஏறக்குறைய எப்போதும் ஒன்றும் செய்யாது.

ஒட்டுவது இந்த வைரஸ். அப்பாவின் கட்டி அல்ல. அது மட்டுமல்ல, அந்தக் கட்டியிலிருந்து வைரஸ் வெளியே வரவும் வழியில்லை. இதைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் மற்றக் கேள்விகளுக்கும் பதில் புரியும்.

இந்தப் புற்றுநோயை 1972இல் சிரில் டோக்கர் என்ற நோய்க்கூறியல் மருத்துவர் 5 நோயாளிகளை வைத்து முதலில் விவரித்தார். அப்போது வைரஸ் பேச்சே இல்லை. 1875இல் ஜெர்மானிய உடற்கூறியலாளர் ஃப்ரீட்ரிக் மெர்க்கல் தோலில் கண்ட, தொடு உணர்ச்சிக்குத் துணை நிற்கும் செல்களைப் போல இருந்ததால் பின்னாளில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. (உண்மையில் அந்தச் செல்லிலிருந்துதான் பிறக்கிறதா என்ற தகராறு இன்னும் ஓயவில்லை. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.) கிட்னி மாற்றியவர்களுக்கும் எய்ட்ஸ் நோயாளிகளுக்கும் இது அதிகம் வருவதைப் பார்த்து, பின்னால் ஏதோ கிருமி இருக்க வேண்டும் என்ற சந்தேகம் வந்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் யுவான் சாங், பேட்ரிக் மூர் தம்பதியின் ஆய்வுக்கூடம் அதைத் துரத்தியது. கட்டிகளிலிருந்து ஏறக்குறைய 4 லட்சம் மரபுத் துண்டுகளைப் படித்து, மனிதனுடையவற்றை எல்லாம் கம்ப்யூட்டரில் கழித்துக்கொண்டே வந்தார்கள். அரிசியில் கல் பொறுக்குகிற வேலைதான். மிச்சம் நின்றவற்றில் ஒரு துண்டு பாலியோமா குடும்பத்தின் சாயலைக் காட்டியது. 2008 ஜனவரியில் முடிவை வெளியிட்டபோது, பார்த்த 10 கட்டிகளில் 8இல் அந்த வைரஸ் இருந்தது.

இருந்தது என்பதைவிட எப்படி இருந்தது என்பதுதான் முக்கியம். அந்த 8இல் 6 கட்டிகளில், கட்டியின் எல்லாச் செல்லிலும் மரபணுச் சங்கிலியின் அதே இடத்தில் வைரஸ் தைத்துக்கொண்டிருந்தது. கட்டி வளர்ந்த பிறகு வைரஸ் வந்து ஏறியிருந்தால் செல்லுக்குச் செல் வேறு வேறு இடத்தில் இருந்திருக்கும். எல்லாவற்றிலும் ஒரே இடம் என்றால், முதல் ஒரு செல்லில் வைரஸ் நுழைந்து தைத்துக்கொண்ட பிறகே அது பெருகிக் கட்டியாகியிருக்கிறது.

இந்தத் தையல் வைரஸுக்கே ஒரு விபத்து. அது வட்டமான ஒரு சின்ன மரபணு வளையம், மொத்தமே சுமார் 5,400 எழுத்து. வழக்கமாக வளையமாகவே தனியாக இருந்து, நகல் எடுத்துக்கொண்டு போய்விடும். எப்போதோ ஒரு தடவை வளையம் அறுந்து நம் மரபணுவுக்குள் சிக்கிக்கொள்கிறது. அத்தோடு புற்றுநோய் வந்துவிடாது. இரண்டாவது விபத்தும் நடக்க வேண்டும். வைரஸ் செய்யும் பெரிய டி-ஆன்டிஜன் என்ற புரதத்துக்கு இரண்டு வேலை. அதன் முன்பகுதி, செல் கண்டபடி பெருகாமல் நிறுத்திவைக்கும் ஆர்.பி. என்ற நம்முடைய பிரேக் புரதத்தைப் பிடித்து முடக்கும். பின்பகுதி வைரஸை நகலெடுக்கும். நம் மரபணுவுக்குள் சிக்கிய இடத்திலிருந்தே அந்தப் பின்பகுதி நகலெடுக்கத் தொடங்கினால், செல்லின் சங்கிலியே சிதைந்து செல் செத்துப்போகும். ஆகவே பின்பகுதி வெட்டுப்பட்டு, முன்பகுதி மட்டும் பிழைத்த செல்தான் கட்டியாகிறது. பிரேக் பிடுங்கப்பட்டாயிற்று, நகலெடுக்கும் யந்திரமும் போயிற்று. கூடவே சிறிய டி-ஆன்டிஜன் என்ற இன்னொரு வைரஸ் புரதம் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறது.

நகலெடுக்கும் பகுதி வெட்டுப்பட்டதால்தான் கட்டிக்குள் இருக்கும் வைரஸ் வெளியே கிளம்பி இன்னொருவரைத் தொற்ற முடியாது. அண்ணிக்குச் சொல்ல வேண்டிய வரி இதுதான்.

இரண்டு விபத்தும் ஒரே செல்லில் நடந்து, அந்தச் செல்லை உடம்பின் காவலும் கோட்டைவிட வேண்டும். அதனால்தான் வைரஸ் இத்தனை சாதாரணமாக இருந்தும் நோய் இத்தனை அபூர்வம். 33 கோடிப் பேர் வாழும் அமெரிக்காவில் ஆண்டுக்கு 3,000 பேர் அளவில்தான் வருகிறது. வெள்ளைத் தோல்காரர்களுக்கு அதிகம், நம் நிறத்துக்கு இன்னும் குறைவு. வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. வைரஸே இல்லாத கட்டிகளும் இருக்கின்றன. அவற்றில் வெயிலின் புற ஊதாக் கதிர் போட்ட கீறல்கள் மரபணு முழுக்கக் காணப்படும். ஆஸ்திரேலியாவில் அந்த வகையே மிகுதி. அமெரிக்கா, ஐரோப்பாவில் 5 கட்டிக்கு 4 வைரஸ் வகை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்த வைரஸை முன்பு ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது’ என்ற 2ஏ பிரிவில் வைத்திருந்தது, 2025இல் ‘புற்றுநோய் உண்டாக்குவது’ என்ற 1ஆம் பிரிவுக்கு மாற்றியது.

அப்பா விஷயத்தில் உடம்பின் காவல் ஏன் கோட்டைவிட்டது என்பது தெரிந்ததே. 9 வருடமாக அந்தக் காவலை நாம்தான் மாத்திரை கொடுத்துத் தூங்கவைத்திருக்கிறோம், கிட்னியைக் காப்பாற்ற. அமெரிக்கப் பதிவேட்டுக் கணக்கில், உறுப்பு மாற்றியவர்களுக்கு இந்த நோய் மற்றவர்களைவிட 24 மடங்கு வருகிறது. ஆகவே சித்தியிடம் சொல்லுங்கள்: அவர் கொடுத்த கிட்னி குற்றவாளி இல்லை. இது தோலில் வாழும் வைரஸ், அப்பாவுக்கு அது பெரும்பாலும் டவுசர் போட்ட காலத்திலேயே வந்திருக்கும். கிட்னியோடு வருகிற பாலியோமா வைரஸ் வேறு ஒன்று உண்டு, பி.கே. வைரஸ். மாற்று ஆபரேஷன் முடிந்த முதல் ஆண்டில் ‘பி.கே. வைரஸ் பி.சி.ஆர்.’ என்று அப்பாவுக்கும் டெஸ்ட் எடுத்திருப்பார்கள், ஃபைலில் பாருங்கள். 1971இல் ஒரு கிட்னி மாற்று நோயாளியின் சிறுநீரில் கண்டுபிடித்து, அவர் பெயரின் முதல் எழுத்துகளையே வைத்துவிட்டார்கள். அதே குடும்பம், வேறு ஆள். பழைய ஃபைலில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, ‘அப்போதே இருந்திருக்கிறதே’ என்று குழம்ப வேண்டாம்.

வைரஸ் டெஸ்ட்? வீட்டில் யாருக்கும் வேண்டாம். ரத்தத்தில் இருக்கிறது என்று தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்? பாதிப் பேருக்கு மேல் பாசிட்டிவ் என்றுதான் வரும். இதை ஒழிக்க மருந்தும் இல்லை, மஞ்சள் காமாலை பி-க்கும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கும் இருப்பதுபோல் போட்டுக்கொள்ளத் தடுப்பூசியும் இல்லை. அப்பாவின் கட்டியில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கத் தனிச் சாயச் சோதனை இருக்கிறது. இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆபரேஷனும் ரேடியேஷனும் ஒன்றுதான். அதற்காக ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஒரு ரத்தச் சோதனை உண்டு. சிறிய டி-ஆன்டிஜனுக்கு எதிரான பொருளை அளப்பது. நோயாளிகளில் பாதிப் பேருக்கு அது பாசிட்டிவாக இருக்கும், சிகிச்சைக்குப் பின் இறங்கும், மறுபடி ஏறினால் நோய் திரும்புகிறது என்று அர்த்தம். எல்லா ஊரிலும் கிடைக்கிற டெஸ்ட் அல்ல. கிடைக்காவிட்டால் ஸ்கேனும் கையால் தொட்டுப் பார்ப்பதும் அந்த வேலையைச் செய்யும்.

இனி அவசரமான விஷயம்.

முதல் டாக்டரைத் திட்டாதீர்கள். 2008இல் வெளியான, 195 நோயாளிகளைப் பற்றிய ஆய்வில், பயாப்சிக்கு முன் 56 சதவீதக் கட்டிகளைச் சாதாரணக் கட்டி என்றே டாக்டர்கள் நினைத்திருந்தார்கள். நீர்க்கட்டி, பரு என்பதுதான் அதில் முதலிடம். பார்க்க அப்படித்தான் இருக்கும்: வழவழவென்று, மேடாக, சிவப்பாகவோ ஊதாவாகவோ (நம் நிறத்தில் கருஞ்சிவப்பாக), மேலே மெல்லிய ரத்தக் குழாய்கள் ஓட, அழுத்தினால் ரப்பர்போலக் கெட்டியாக, வலியில்லாமல். சந்தேகப்பட 5 அடையாளம் சொல்வார்கள்: வலி இல்லாதது, 3 மாதத்துக்குள் வேகமாக வளர்வது, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர், 50 வயதைத் தாண்டியவர், வெயில் படும் இடம். அந்த ஆய்வில் 89 சதவீதம் பேருக்கு இதில் குறைந்தது மூன்று அடையாளம் இருந்தது. அப்பாவுக்கு ஐந்துமே. அந்த டாக்டர் எடுத்ததைக் குப்பையில் போடாமல் பயாப்சிக்கு அனுப்பினாரே, அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

உங்கள் ரிப்போர்ட் சரியாகவே எழுதப்பட்டிருக்கிறது. மைக்ராஸ்கோப்பில் இந்த நோய் நீல நிறத்தில் நெருக்கியடித்த சின்ன உருண்டைச் செல்களாகத் தெரியும். நுரையீரலில் வரும் சிறுசெல் புற்றும் அச்சு அசலாக இப்படியேதான் இருக்கும், அது தோலுக்குப் பரவுவதும் உண்டு. பிரிப்பது சாயம்தான். சி.கே.20 போட்டால் மெர்க்கல் செல்லில் கருவின் ஓரத்தில் பொட்டு வைத்தாற்போல் ஒரு புள்ளி விழும். டி.டி.எஃப்.1 நுரையீரல் வகையில் ஏறும், இதில் ஏறாது. ‘சி.கே.20 பாசிட்டிவ்’ என்று மட்டும் போட்டிருந்தால், புள்ளி வடிவமா என்று இரண்டாவது முறை பார்க்கிறவரிடம் கேளுங்கள்.

இரண்டாவது முறை பார்க்க வேண்டும், கட்டாயம். நாளைக்கே லேபுக்குப் போய், எழுத்தில் ஒரு கோரிக்கை கொடுத்து, பாரஃபின் ப்ளாக் (கட்டியின் துண்டைப் பதித்து வைத்த மெழுகு), சாதாரண ஸ்லைடு, சாயம் போட்ட ஸ்லைடு மூன்றையும் வாங்குங்கள். வெறும் ரிப்போர்ட் தாளோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால், ‘ப்ளாக் எங்கே’ என்று திருப்பி அனுப்புவார்கள், ஒரு வாரம் போய்விடும். ப்ளாக் மெழுகு, வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் வைத்துவிடாதீர்கள். கூடவே கடைசி 3 மாதக் கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை), டாக்ரோலிமஸ் அளவு ரிப்போர்ட்டுகள், மாத்திரைச் சீட்டு, கட்டி இருந்தபோது போனில் எடுத்த போட்டோ இருந்தால் அதுவும்.

எங்கே போவது? புற்றுநோய் அறுவை, ரேடியேஷன், நியூக்ளியர் மெடிசின், கிட்னித் துறை நான்கும் ஒரே வளாகத்தில் அல்லது ஒரே மேஜையில் பேசிக்கொள்ளும் இடம் வேண்டும். அடையாறு புற்றுநோய் நிறுவனம், வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களில் ‘ட்யூமர் போர்டு’ என்று வாராந்தரக் கூட்டம் நடக்கும். அதில் அப்பாவின் கேஸை வைக்கச் சொல்லுங்கள். திருச்சியிலேயே ரேடியேஷன் எடுப்பதாக இருந்தாலும், திட்டம் அங்கே போடப்படட்டும்.

அங்கே நடக்க வேண்டியதன் வரிசைதான் இந்தப் பதிலிலேயே முக்கியமான பகுதி.

முதலில் கை. காதுக்கு முன்னால், தாடைக்குக் கீழே, கழுத்தின் பக்கவாட்டில் நெறி கட்டியிருக்கிறதா என்று டாக்டர் தொட்டுப் பார்ப்பார். கன்னத்தின் நிணநீர் அந்த வழியாகத்தான் இறங்குகிறது. பிறகு உடம்பு முழுவதற்கும் பெட் சி.டி. ஸ்கேன். 6 மணி நேரம் வெறும் வயிறு, சர்க்கரை 200-க்குள் இருக்க வேண்டும். பிரெட்னிசோலோன் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை ஏறியிருக்கலாம், முதல் நாளே பார்த்துவிடுங்கள். அயோடின் கான்ட்ராஸ்ட் (ஸ்கேனில் படம் தெளிவாகத் தெரியப் போடும் மருந்து) போடுவதாக இருந்தால், மாற்றுக் கிட்னி என்று ஸ்கேன் அறையில் வாயால் சொல்லுங்கள். சீட்டில் எழுதியிருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள்.

கையிலும் ஸ்கேனிலும் நெறி இல்லை என்றால், அடுத்தது சென்டினல் நோட் பயாப்சி. தழும்பைச் சுற்றி லேசான கதிரியக்கம் உள்ள டெக்னீசியம் மருந்தைப் போட்டு, அது எந்த நெறிக்கு முதலில் போய்ச் சேர்கிறது என்று கருவியால் கண்டுபிடித்து, அந்த ஒன்றிரண்டை மட்டும் எடுத்துச் சோதிப்பார்கள். எல்லாம் சுத்தம் என்று தோன்றுகிறவர்களிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அந்த நெறிக்குள் நோய் ஒளிந்திருக்கிறது. அதனால் இதைத் தள்ளிப்போட முடியாது. எடுத்த நெறியைச் சாதாரணச் சாயத்தோடு விடாமல் சி.கே.20 சாயமும் போட்டுப் பார்க்க வேண்டும். நாலைந்து செல் மட்டும் இருந்தால் சாதாரணச் சாயத்தில் தப்பிவிடும்.

தவறு நடக்கும் இடம் இங்கேதான். அடி விளிம்பில் நோய் என்று பார்த்ததும், ‘இன்னும் அகலமாக வெட்டிவிடலாம்’ என்று அவசரப்பட்டு, கன்னத்துத் தோலைத் திருப்பி வைத்து மூடும் ஃப்ளாப் ஆபரேஷனைச் செய்துவிடுவார்கள். அப்புறம் நிணநீர்ப் பாதை மாறிப்போகும். எது முதல் நெறி என்று கண்டுபிடிக்க முடியாது. நெறிச் சோதனை அகலமாக வெட்டுவதற்கு முன், அல்லது அதே ஆபரேஷனில் நடக்க வேண்டும். பின்னால் அல்ல. முகத்தில் இது கொஞ்சம் கஷ்டமான வேலை. முதல் நெறி, காதுக்கு முன்னால் இருக்கும் பரோட்டிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பிக்குள்ளேயே இருக்கலாம், முகத்தை அசைக்கும் நரம்பு அதன் வழியாகத்தான் போகிறது. அந்த ஆஸ்பத்திரியில் செய்ய இயலாது என்றால், நெறிப் பகுதிக்கும் சேர்த்து ரேடியேஷன் கொடுப்பது ஒரு நல்ல மாற்று வழி.

அகலமாக வெட்டுவதென்றால் புத்தகக் கணக்கு சுற்றிலும் 1 முதல் 2 செ.மீ. கன்னத்தில் 2 செ.மீ. என்பது கண் இமையையோ உதட்டையோ இழுத்துவிடும். இந்த நோய் ரேடியேஷனுக்கு நன்றாக மசியும் என்பதால், முகத்தைச் சிதைத்து வெட்டுவதைவிட, நேராகத் தைத்து மூடக்கூடிய அளவுக்கு எடுத்துவிட்டு ரேடியேஷனை நம்புவதே என் பரிந்துரை. பெரிய ஃப்ளாப் ஆறக் காலம் பிடிக்கும், ரேடியேஷன் அத்தனை நாள் தள்ளிப்போகும். இந்தக் கட்டி காத்திருக்கிற ஜாதி இல்லை. புண் ஆறியதும் தொடங்க வேண்டும்.

ரேடியேஷன் அளவு, விளிம்பில் நுண்ணிய அளவில் நோய் மிச்சம் இருந்தால் 56 முதல் 60 கிரே (கதிரை அளக்கும் அலகு). நாளைக்கு 2 கிரே, வாரத்துக்கு 5 நாள், ஆக 28 முதல் 30 தடவை, சுமார் 6 வாரம். தொடங்குவதற்கு முன் பல் டாக்டரிடம் காட்டி, எடுக்க வேண்டிய சொத்தைப் பல்லை எடுத்துவிடுங்கள். ரேடியேஷன் பட்ட தாடையில் பின்னால் பல் பிடுங்கினால் புண் ஆறாமல் போகலாம். இரண்டு, மூன்று வாரத்தில் தோல் கறுக்கும், உரியும். மஞ்சள், விளக்கெண்ணெய், பச்சிலை எதுவும் அங்கே தடவ வேண்டாம், மின்சார ஷேவர் மட்டும் போதும்.

இந்த 6 வாரத்தில் அப்பாவுக்கென்றே இரண்டு கண்ணி இருக்கிறது. வாய் வறண்டு வெள்ளைப் பூஞ்சை படர்ந்தால் ஃப்ளூகோனசோல் எழுதுவார்கள். அது டாக்ரோலிமஸ் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், கை நடுங்கும், கிரியேட்டினின் உயரும். கிட்னி டாக்டரைக் கேட்காமல் அந்த மாத்திரையைத் தொடக்கூடாது. வாயில் மட்டும் தடவும் மருந்து போதுமா என்று முதலில் கேளுங்கள். வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் கொடுத்தால் வாங்காதீர்கள், கிட்னிக்கு ஆகாது. பாரசிட்டமால் போதும். பம்ப்ளிமாஸ் பழமும், யாராவது கொண்டுவந்து தரும் கஷாயமும் இதேபோல் விலக்க வேண்டிய கணக்கில் சேரும்.

இப்போது கிட்னி மாத்திரை. நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் கட்டி அடங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, கிட்னி போகும் என்பதற்குக் கிட்டத்தட்ட உத்தரவாதம் உண்டு. டயாலிசிஸில் இருக்கும் ஒருவருக்குப் புற்றுநோய் சிகிச்சை எதுவுமே சுலபமில்லை. ஆனால் கேள்வி நியாயமானது. தூங்குகிற காவலைக் கொஞ்சம் எழுப்பத்தான் வேண்டும். அதைக் கிட்னி டாக்டர் செய்வார்: மைக்கோஃபினோலேட்டைக் குறைக்கலாம், டாக்ரோலிமஸ் அளவைக் கீழ்ப்பக்கமாக வைக்கலாம், அல்லது சிரோலிமஸ், எவரோலிமஸ் வகைக்கு மாற்றலாம். பிந்தைய மருந்துகள் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும் என்பதால், ஆபரேஷன் தையல் ஆறிய பிறகே மாற்றுவது வழக்கம். இந்தத் தேதியை இரண்டு டாக்டர்களும் நேரடியாகப் பேசி முடிவு செய்ய வேண்டும். நடுவில் நீங்கள் தூது போனால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும்.

‘இம்யூனோதெரபி இருக்கிறதாமே’ என்று யாராவது சொல்வார்கள். இருக்கிறது. 2017 மார்ச்சில் அவலுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்ததுதான் இந்த நோயின் சரித்திரத்திலேயே பெரிய திருப்பம். அடுத்த ஆண்டே பெம்ப்ரோலிசுமாப் வந்தது. பரவிய நோயில், பெம்ப்ரோலிசுமாபை முதல் சிகிச்சையாகக் கொடுத்தபோது பாதிப் பேருக்கு மேல் கட்டி சுருங்கியது, பலருக்கு அது வருடக்கணக்கில் நிலைத்தது. பழைய கீமோவிலும் கட்டி கரையும், ஆனால் சில மாதத்தில் திரும்பிவிடும். அப்பாவுக்கு மட்டும் இந்த மருந்து இருமுனைக் கத்தி. எதிர்ப்புச் செல்களின் கட்டை அவிழ்ப்பதுதான் அதன் வேலை. கட்டவிழ்ந்த செல்களுக்குப் புற்றும் அந்நியம், சித்தியின் கிட்னியும் அந்நியம். இதை எடுத்த மாற்றுறுப்புக்காரர்களில் ஏறத்தாழ 10-க்கு 4 பேருக்கு உறுப்பு நிராகரிப்பு நடந்திருக்கிறது. ஆகவே நோய் பரவாதவரை இதை எடுக்க வேண்டாம், கையிருப்பில் இருக்கட்டும். கீமோ என்று பேச்சு வந்தால், சிஸ்பிளாட்டினுக்குப் பதில் கார்போபிளாட்டின் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். சிஸ்பிளாட்டின் கிட்னியை நேராகத் தாக்கும்.

எண் கேட்பீர்கள். அமெரிக்காவில் 9,387 நோயாளிகளின் கணக்குப்படி, 5 ஆண்டு உயிரோடு இருந்தவர்கள்: நோய் தோலோடு நின்றிருந்தால் 51 சதவீதம், நெறிக்குப் போயிருந்தால் 35, தூரத்துக்குப் பரவியிருந்தால் 14. இதில் பலர் 75-ஐத் தாண்டியவர்கள், வேறு காரணத்தால் இறந்தவர்களும் சேர்த்தி. பெரும்பாலும் இம்யூனோதெரபிக்கு முந்தைய காலத்துக் கணக்கும்கூட. அதே சமயம், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இந்த நோய் சற்று மூர்க்கமாகவே நடந்துகொள்கிறது, அதை மறைத்துப் பயனில்லை. 1.4 செ.மீ. என்பது சிறிய அளவுதான், 2 செ.மீ.-க்குள் இருப்பது முதல் படியில் சேரும். நெறிச் சோதனை முடிவு வராமல் இதற்கு மேல் யாரும் சொல்ல முடியாது.

திரும்பி வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் 3 வருடத்துக்குள் வந்துவிடும். அதனால் முதல் 3 வருடம் 3 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. வீட்டில் மாதம் ஒருநாள், நடு மூன்று விரல்களின் தட்டைப் பகுதியால், தழும்பிலிருந்து தொடங்கிக் காதின் முன்பக்கம், தாடைக்கு அடியில், கழுத்தின் இரு பக்கமும் காரை எலும்பு வரை மெதுவாக வட்டமிட்டுத் தடவிப் பாருங்கள். தோல் முழுவதையும் வெளிச்சத்தில் பாருங்கள். பட்டாணி மாதிரி கெட்டியாக, வலியில்லாமல் ஏதாவது தட்டுப்பட்டால் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்து, அந்த வாரமே காட்டுங்கள். வலிக்கிறதே என்று பயப்படுகிற கட்டியைவிட இதில் வலிக்காத கட்டிதான் சந்தேகத்துக்குரியது. வெளியே போகும்போது தொப்பி, முழுக்கை, எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன். கிட்னி மாற்றியவர்களுக்கு மற்றத் தோல் புற்றுகளும் அதிகம் வரும் என்பதால் இந்தக் கட்டி இல்லாவிட்டாலும் இதைச் சொல்லியிருப்பேன்.

குழந்தை விஷயத்தில் ஒன்று விட்டுப்போயிற்று. அதற்குச் சளி, காய்ச்சல், முக்கியமாக அம்மை போட்டிருந்தால் அந்த நாட்களில் தாத்தா பக்கம் விடாதீர்கள். அப்பாவின் கட்டியிலிருந்து குழந்தைக்கு எதுவும் போகாது, குழந்தையிடமிருந்து அப்பாவுக்கு வரலாம்.

அப்பாவிடம் சொல்வது. 9 வருடமாக வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக்கொண்டு, கிரியேட்டினின் என்றால் என்ன என்று தெரிந்து வைத்திருக்கும் மனிதரிடம் இதை மறைக்கவும் முடியாது, மறைக்கவும் கூடாது. ஏற்கெனவே தட்டு மாறியதைப் பார்த்து அவராகவே எதையோ யூகித்திருப்பார். ரேடியேஷனுக்கு முன் ஒருநாள் அவரைப் படுக்கவைத்து, வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தின் மேல் அழுத்தி, அவர் முகத்தின் அச்சிலேயே ஒரு கவசம் செய்வார்கள். ஒவ்வொரு நாளும் அதை மாட்டி மேஜையோடு திருகித்தான் கதிர் கொடுப்பார்கள். அந்த மேஜையில் படுக்கும்வரை காரணம் தெரியாமல் ஒருவரை அழைத்துப்போவது கொடுமை. அதற்கு முன்பே, சித்தியும் இருக்கும்போது, நீங்கள் உட்கார்ந்து பெயரைச் சொல்லிப் பேசிவிடுங்கள். அவருக்கு மீசையோ தாடியோ இருந்தால், எடுப்பதா வைப்பதா என்பதைக் கவசம் செய்யும் நாளுக்கு முன் முடிவு செய்யச் சொல்லுங்கள். செய்த பிறகு எடுத்தால் கவசம் தளர்ந்துவிடும், மறுபடி அளவெடுக்க வேண்டியிருக்கும்.